குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு சின்ன டிரஸ்ட் பணம் கொடுக்கலாமா? பொறுப்புக்குப் புதுசு, வழி சொல்லுங்க

பொன்னிநதி | திருச்சி | தொடக்கப் பதிவு

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பல வருஷமா படிக்கிறேன், எழுதினது ரொம்பக் குறைவு. இப்ப ஒரு பொறுப்பு தலையில வந்து உட்கார்ந்திருக்கு. யார்கிட்டயாவது கேட்டே ஆகணும்.

எங்க ஊர்ல ஒரு சின்ன டிரஸ்ட். புற்றுநோய் வந்த குழந்தைகளோட குடும்பங்களுக்கு 11 வருஷமா உதவுது. பஸ் செலவு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல தங்க ரூம், காப்பீட்டுல வராத மருந்து, பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடுறது, இவ்வளவுதான் வேலை. ஆரம்பிச்சவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், 78 வயசு. "இனி நீ பார்த்துக்கோம்மா"ன்னு சித்திரை மாசம் பீரோ சாவியையும் ரசீது புத்தகத்தையும் என் கையில கொடுத்துட்டார். எங்க அக்கா பையனுக்கு ரத்தப் புற்று வந்தப்ப எங்களைத் தூக்கி நிறுத்தினது இந்த டிரஸ்ட்தான். பையன் இப்ப இல்லை. அதைப் பத்தி இதுக்கு மேல எழுத வரலை.

விஷயம் இதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருத்தர் பேத்தி நினைவா 10 லட்ச ரூபாய் செக் கொடுத்திருக்கார். கூட ஒரு கடிதம். அதுல ஒரே வரி: "இது ஆராய்ச்சிக்கு மட்டும்."

நாங்க அஞ்சு டிரஸ்டி. ரெண்டு கூட்டம் போட்டாச்சு, ரெண்டும் சண்டையில முடிஞ்சுது. "ஆராய்ச்சிக்கு அமெரிக்காக்காரன் கோடிகோடியாக் கொட்டுறான், நம்ம 10 லட்சம் கடல்ல கரைச்ச பெருங்காயம்"னு ஒருத்தர். "கொடுத்தவர் சொன்னதை மீறினா நாளைக்கு நம்மை நம்பி யார் கொடுப்பா"ன்னு இன்னொருத்தர். "திருப்பிக் கொடுத்துடலாம்"னு ஒருத்தர். எனக்கு மூணுமே நியாயமாத் தெரியுது. தலைமையில இருக்கிறவளுக்கு அப்படித் தெரியக் கூடாதுன்னும் தெரியுது.

நம்ம அளவு டிரஸ்ட் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறதுன்னா என்ன? யாருக்குக் கொடுக்கணும்? இனிமே ஆராய்ச்சின்னு சொல்லி நிதி கேட்டா ஜனங்க கொடுப்பாங்களா?

மல்லிகைப்பந்தல்

வணக்கம் சகோதரி. நான் 19 வருஷமா குழந்தைகள் புற்றுநோய் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பணத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்காதீங்க. ஆசிரியர்கிட்ட நேர்ல போய்ப் பேசி மனசை மாத்துங்க.

போன ஐப்பசியில நடந்தது. புதுக்கோட்டைக்கு உள்ள தள்ளி ஒரு கிராமம். அஞ்சு வயசுப் பிள்ளை, கீமோ முடிஞ்சு ஊருக்குப் போய் எட்டாவது நாள். ராத்திரி எட்டு மணிக்கு உடம்பு சுட்டிருக்கு. கடைசி பஸ் போயாச்சு. கார் வைக்க அப்பா கையில காசு இல்லை. ஈரத்துணி போட்டுக்கிட்டே விடிய விடிய உட்கார்ந்திருக்காங்க. காலையில முதல் பஸ் பிடிச்சு, மாறி, ஷேர் ஆட்டோ ஏறி வார்டுக்கு வந்தப்ப ஒன்பதரை. பிள்ளை கை கால் சில்லுன்னு இருந்துது. பி.பி. இல்லை. நான்தான் லைன் போட்டேன். மூணு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கலை.

வெள்ளை அணுக் கவுண்ட் இறங்கின குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரி வாசலை மிதிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஊசி ஏறணும். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சு 13 மணி நேரத்துக்கு மேல கழிச்சுத்தான் ஏறுச்சு. புற்றுநோய் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோகலை. கார் வாடகை இல்லாததுதான் கொண்டுபோச்சு. இதுக்கு என்ன ஆராய்ச்சி வேணும்?

ஊர்சுற்றி

108 கூப்பிட்டிருக்கலாமே அக்கா?

மல்லிகைப்பந்தல்

கூப்பிடலாம் தம்பி. ஆனா 108 பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும். அங்கே போய் இந்தக் குழந்தை கீமோவுல இருக்கு, வெள்ளை அணு இல்லை, பாராசிட்டமால் சிரப் போதாதுன்னு எடுத்துச் சொல்ல அப்பா அம்மாவுக்குத் தெரியணும். சொன்னா நம்ப வைக்க கையில ஒரு சீட்டாவது வேணும். அந்த அப்பாவுக்கு எங்க வார்டு ஃபோன் நம்பர்கூடத் தெரியாது. டிஸ்சார்ஜ் அன்னிக்கு 20 விஷயம் சொல்றோம், அவங்க காதுல ரெண்டுதான் விழும்.

நெல்லைச்சீமை

நான் மருத்துவன் அல்ல. வேதியியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். "அமெரிக்காக்காரன் கொட்டுகிறான்" என்று உங்கள் டிரஸ்டி சொன்னதற்காக எழுதுகிறேன். அந்தக் கதையின் முதல் பக்கத்தில் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார்.

எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு மதராஸ் மருத்துவக் கல்லூரி. கதர் கோட்டு அணிந்து போனதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு ஆகாமல் போயிற்று. முழுப் பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். பிறகு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். 1940களில் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் இருந்த குழுதான் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினை உருவாக்கியது. அதைப் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948இல் வெளியான அவருடைய கட்டுரையில் 16 குழந்தைகள். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. சில மாதங்களில் திரும்பியும் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் அந்த நோய் ஒரு மருந்துக்கும் பின்வாங்கியதே இல்லை. அமினோப்டெரினுக்குத் தம்பி முறையான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் நம் வார்டுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதே 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், 53 வயதில்.

ஃபார்பரிடம் அன்று பணம் இல்லை. நிலவறையில் ஓர் ஆய்வகம், அவ்வளவுதான். மருத்துவராக இருந்தவர் நிதி திரட்டுகிறவராகவும் மாறினார். 1948 மே 22 அன்று ஒரு வானொலி நிகழ்ச்சி. அவருடைய நோயாளியான 12 வயதுப் பையனின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒலிவாங்கி வைத்தார்கள். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணிக்காரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்தார்கள். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். பையன் ஆட்டம் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், 20,000 டாலர் சேர்ந்தால் பெட்டி அவனுக்கு என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு சேர்ந்தது 2,31,000 டாலருக்கு மேல். பிறந்தது ஜிம்மி நிதி.

இதில் முக்கியமான ஒன்று. அந்தப் பையன் பெயர் ஜிம்மி இல்லை. அவன் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று ஃபார்பர் தரப்பில் வைத்த பெயர் அது. மெய்ன் மாநிலத்து உருளைக்கிழங்கு விவசாயி வீட்டுப் பிள்ளை, ஐனர் கஸ்டாஃப்சன். குடலில் லிம்போமா என்ற புற்று. பிழைத்தார், லாரி ஓட்டினார், பிள்ளைகள் பெற்றார். ஜிம்மி எப்போதோ இறந்திருப்பான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்க, 1998இல், ஐம்பது ஆண்டு கழித்து, நான்தான் அவன் என்று வந்து நின்றார். குழந்தைப் புற்றுநோய்க்கு நிதி திரட்டிய இவ்வளவு பெரிய இயக்கம் ஒரு பிள்ளையின் பெயரையும் முகத்தையும் மறைத்துத் தொடங்கியது என்பதைப் பொறுப்பில் இருக்கிறவர்கள் மறக்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

அரைமாத்திரை

ஐயா கடைசியா சொன்னதுக்கு நான் சாட்சி.

என் பொண்ணுக்கு இப்ப 14 வயசு. ட்ரீட்மென்ட் முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு, நல்லா இருக்கா. அப்ப எங்களுக்கு உதவின ஒரு அமைப்புக்கு ஒரு கம்பெனி பணம் கொடுத்துச்சு. கொடுக்கிற அன்னிக்கு வார்டு வாசல்ல பேனர். தெர்மாகோல்ல ஒரு ஆள் உயரத்துக்கு செக். பிள்ளைங்களுக்கெல்லாம் கம்பெனி பேர் போட்ட டி-ஷர்ட், பெரியவங்க சைஸ்தான் இருந்துச்சு, என் பொண்ணுக்கு முழங்காலுக்குக் கீழ தொங்குச்சு. அவளுக்குக் கவுண்ட் 400. "மாஸ்க்கைக் கொஞ்சம் எடுங்க, சிரிக்கிறது தெரியட்டும்"னார் கேமராக்காரர். எடுத்தேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை, அவங்க காசுலதானே மருந்து வாங்குறோம்னு இருந்துச்சு. அந்தப் படம் ரெண்டு வருஷம் அவங்க நோட்டீஸ்ல இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்ப ஒரு டீச்சர், "இந்தப் பொண்ணைப் பார்த்திருக்கேனே, கேன்சர் பொண்ணுதானே"ன்னு அவ காது கேட்கவே கேட்டாங்க.

பொன்னிநதி அம்மா, நீங்க என்ன செஞ்சாலும் இதை மட்டும் செய்யாதீங்க.

பொன்னிநதி

செய்ய மாட்டேன் அக்கா. எழுதி வைக்கிறேன், அடுத்த கூட்டத்துல தீர்மானமாவே போடுறேன். எங்க பழைய நோட்டீஸ்லயும் பிள்ளைங்க படம் இருக்கு. நேத்து ராத்திரி ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். அதுல எங்க அக்கா பையனும் இருக்கான். அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பணம் கொடுத்திருக்காங்க, அதுவும் உண்மை. இருந்தாலும் எடுத்துடுறேன்.

கணக்கு_வழக்கு

படம் இல்லாம நிதி வராதுங்க. நடைமுறையைப் பேசுவோம்.

இன்னொண்ணு. ஆராய்ச்சின்னு பேர் வைச்சு வாங்குற பணம் எங்கே போகுதுன்னு கேள்வி கேட்கணும். அமெரிக்காவுல மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் மருத்துவமனைக்காகப் பணம் திரட்டுற அமைப்பு 500 கோடி டாலருக்கு மேல கையிருப்பு வைச்சிருக்குன்னு 2021ல பத்திரிகையில பெரிய விவாதமே நடந்துச்சு.

ஃபில்லிவாசி

அந்த விவாதம் நியாயமானதுதான் அண்ணா. கொடுக்கிறவங்க கேட்கணும், வாங்கினவங்க பதில் சொல்லணும். ஆனா அந்த இடத்தோட முழுக் கதையையும் சேர்த்துப் பாருங்க. டேனி தாமஸ்னு ஒரு நடிகர், லெபனான்லேர்ந்து குடியேறின குடும்பம். பணம் திரட்ட 1957ல ஒரு அமைப்பு, 1962ல மருத்துவமனை. எந்தக் குடும்பத்துக்கும் பில் கிடையாது. திறந்தப்ப குழந்தைகளுக்கு வர்ற லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாங்கிற ரத்தப் புற்றுல 100க்கு 4 பேர்தான் பிழைச்சாங்க. முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கெல், இருந்த மருந்துகளையே சேர்த்து, மூளையிலயும் தண்டுவடத்துலயும் ஒளிஞ்சிருக்கிற செல்லுக்கும் சேர்த்து சிகிச்சை வகுத்து, அந்தப் பத்தாண்டு முடியுறதுக்குள்ள பாதிப் பேர் பிழைக்கலாம்னு காட்டினார். ஆராய்ச்சிக்குப் பணம் ஒரு வருஷம் வந்து மறு வருஷம் நின்னா அந்த வேலை நடக்காது. கையிருப்பு வேணும். எவ்வளவு, எதுக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு வெளிப்படையாச் சொல்லணும்.

நான் ஃபிலடெல்ஃபியா பக்கம் 15 வருஷமா இருக்கேன். வெயில் காலம் வந்தா எங்க தெருவுல பிள்ளைங்க எலுமிச்சை ஜூஸ் மேசை போடுவாங்க. அதுக்குப் பின்னால அலெக்ஸ் ஸ்காட்னு ஒரு பொண்ணு. ஒரு வயசு ஆகுறதுக்கு முன்னாடியே நியூரோபிளாஸ்டோமாங்கிற நரம்புத் திசுப் புற்று. நாலு வயசுல, 2000ல, வீட்டு வாசல்ல ஜூஸ் கடை போட்டா. எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் மத்தப் பிள்ளைகளுக்கும் உதவணும், அதுக்குக் காசுன்னு சொன்னா. முதல் நாள் 2,000 டாலர். வருஷா வருஷம் போட்டா. 2004 கோடையில நாடு முழுக்க மத்தவங்களும் போட்டு 10 லட்சம் டாலர் ஆச்சு. அந்த ஆகஸ்ட்ல எட்டு வயசுல இறந்துட்டா. அப்பா அம்மா அதை முறையான அமைப்பா மாத்தி இன்னும் நடத்துறாங்க, நூத்துக்கணக்கான ஆராய்ச்சிகளுக்குப் பணம் போயிருக்கு.

நான் கவனிச்சது ஒண்ணு. என் பொண்ணு போன வருஷம் மேசை போட்டா, 86 டாலர் சேர்ந்துச்சு. மேசையில குழந்தை படமே இல்லை. ஜூஸ் குடிக்க வர்றவங்க எதுக்குன்னு கேட்பாங்க, அவ சொல்லுவா. ஒரு மணி நேரம் தெருவே அதைப் பத்திப் பேசுது. படம் இல்லாம வரும் அண்ணா. ஜனங்க கையால செய்ய ஒரு வேலை கொடுத்தாப் போதும்.

பொன்னிநதி அக்கா, நான் பணம் அனுப்ப முடியுமா? இங்கே இன்னும் ரெண்டு குடும்பம் இருக்கோம்.

வரவுசெலவு | கோவை

ஆடிட்டர்ங்க நான். பணம் அனுப்புறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் நில்லுங்க தம்பி.

உங்க கையில இன்னும் இந்திய பாஸ்போர்ட் இருந்தா, உங்க சொந்தச் சேமிப்புலேர்ந்து வங்கி வழியா அனுப்புறது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சுன்னா, ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் கொடுக்கிறது) இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். டிரஸ்டுக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு வேணும், டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்குலதான் வாங்கணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் அப்படி வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாத்திக் கொடுக்கவே கூடாது. "நாங்க வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துடுறோம்"ங்கிற பேச்சுக்கே இடமில்லை.

இப்ப பொன்னிநதி அம்மாவுக்கு. டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து நோக்கம்னு இருக்கிற பகுதியைப் படிங்க. மருத்துவ உதவின்னு மட்டும் இருந்து ஆராய்ச்சிங்கிற சொல்லே இல்லைன்னா முதல்ல அதைச் சரிபண்ணணும். அடுத்தது, வர்ற வருமானத்துல 85 விழுக்காடு அந்த வருஷமே செலவாகணும். ஆராய்ச்சிப் பணம் ஒரே வருஷத்துல கரையாது, கரையவும் கூடாது. இந்தக் காரியத்துக்காக இத்தனை வருஷத்துக்கு ஒதுக்கி வைக்கிறோம்னு டிரஸ்டிகள் தீர்மானம் போட்டு, அதுக்கான வருமான வரிப் படிவத்தைக் கெடுவுக்குள்ள தாக்கல் பண்ணினா அஞ்சு வருஷம் வரைக்கும் வைச்சுச் செலவு பண்ணலாம். இதை மறந்துட்டு வரி கட்டின டிரஸ்டுகளை நான் பார்த்திருக்கேன். வயித்தெரிச்சல்ங்க. ஏழை பாழைக்குப் போக வேண்டிய காசு.

கடை கடையா உண்டியல் வைக்கிற யோசனை இருந்தா யோசிச்சுச் செய்ங்க. பேர் தெரியாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினா 30 விழுக்காடு வரி. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுக்கிறவங்களுக்கு நன்கொடைக்கான வரிச் சலுகை கிடையாது. எவ்வளவு சின்னத் தொகைன்னாலும் பேரோட ரசீது போடுங்க.

இரவுப்பணி

நான் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பயிற்சியில் இருக்கும் மருத்துவர். மல்லிகைப்பந்தல் சிஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டு ரெண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிஸ்டர், நீங்கள் "இதுக்கு என்ன ஆராய்ச்சி" என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னதுதான் ஆராய்ச்சி. 13 மணி நேரம் என்று ஒரு எண் சொன்னீர்கள். அது உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதே போல எத்தனை பிள்ளைகள்? எந்த ஊர்கள்? காய்ச்சல் தொடங்கி எத்தனை மணிக்கு ஃபோன், எத்தனை மணிக்கு ஊசி? உங்கள் வார்டில் இது எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

நம் நாட்டுக்கதை ஒன்று சொல்கிறேன். 1970களில் நம்முடைய பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலேயே ரத்தப் புற்றுப் பிள்ளைகளில் நாலு ஆண்டு நோயில்லாமல் இருந்தவர்கள் 100க்கு 20 பேருக்கும் குறைவு. 1984இல் எம்சிபி-841 என்ற சிகிச்சை முறை வந்தது. மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் மூன்றும் ஒரே புரோட்டோகாலை எடுத்துக்கொண்டன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத் கூட நின்றார். அடையாறில் டாக்டர் சாந்தா. இந்த ஊருக்காகக் கண்டுபிடித்த புது மருந்து ஒன்றும் கிடையாது. நம் வசதிக்குத் தாங்கும் ஒரு முறையை எழுதி, எல்லாருக்கும் அதையே கொடுத்து, என்ன ஆயிற்று என்று குறித்துவைத்தார்கள். 20க்கும் குறைவாக இருந்தது, இடத்தைப் பொறுத்து 100க்கு 45 முதல் 60 பேர் என்று ஏறியது. 2005இல் வந்த கட்டுரையில் 1990க்கும் 1997க்கும் இடையே சிகிச்சை பெற்ற 1,048 பேரின் கணக்கு இருக்கிறது. ஒரே முறைதான், ஆனால் மூன்று இடத்திலும் பலன் ஒரே மாதிரி இல்லை. அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த 1,048 வரிகளையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் இல்லையா? அவருக்கு யாரோ சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்.

உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 4,00,000 பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30க்கும் கீழே. 2030க்குள் உலகம் முழுக்க 60 விழுக்காடாவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் இலக்கு வைத்தார்கள். இந்த இடைவெளிக்குப் புது மூலக்கூறு இல்லாதது மட்டும் காரணமில்லை. தாமதமாக வருவது, தொற்று, பாதியில் நின்றுபோவது.

பொன்னிநதி மேடம், 10 லட்சத்தில் ஆய்வகம் கட்ட முடியாது. ஆனால் ஒரு வார்டில் மூன்று வருஷத்துக்கு ஒரு தகவல் பதிவாளரை வைக்க முடியும்.

மல்லிகைப்பந்தல்

டாக்டர், கேட்டதுக்குப் பதில். எங்கேயும் எழுதலை. கேஸ் ஷீட்ல "காய்ச்சல், ஒரு நாள்"னு இருக்கும். மணி இருக்காது. எழுத எங்களுக்கு நேரமும் இல்லை, ஒரு ஷிஃப்ட்ல ரெண்டு பேர்தான்.

பாதியில நிக்கிறதைப் பத்திச் சொன்னீங்களே. முதல் ஆறு மாசம் யாரும் நிக்கிறதில்லை. மெயின்டனன்ஸ், அதாவது வீட்டுலயே ரொம்ப நாள் மாத்திரை சாப்பிடுற கட்டம், வந்ததும் நிக்கிறாங்க. பிள்ளைக்கு முடி முளைச்சிடும், கன்னம் தெளிஞ்சிடும், பள்ளிக்கூடம் போகக் கேட்கும். "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு இன்னும் மாத்திரை"ன்னு பாட்டி சொல்லும். அறுவடை நேரத்துல ஒரு விசிட் தவறும். அப்புறம் வெட்கப்பட்டே வரமாட்டாங்க, திட்டுவோம்னு. ஃபோன் போட்டா நம்பர் மாறியிருக்கும். கொடுத்த நம்பரே பக்கத்து வீட்டுக்காரரோடதா இருக்கும். உள்ளே நுழையும்போதே மூணு நம்பர் வாங்கணும், அதுல ஒண்ணு ஊர் மளிகைக் கடை நம்பரா இருக்கணும். இது எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன, வாங்க ஆள் இல்லை.

அரைமாத்திரை

மாத்திரைன்னதும் எழுதத் தோணுது. என் பேர் ஏன் இதுன்னு ஒரு தடவை யாரோ கேட்டீங்க, தமிழ் இலக்கணம் படிச்சவளான்னு. இல்லைங்க. மெர்காப்டோபுரின்ங்கிற ரத்தப் புற்று மாத்திரை 50 மில்லிகிராம்ல வரும். என் பொண்ணுக்கு எடைப்படி ஒரு நாள் அரை, ஒரு நாள் முக்கால். புது பிளேடு வாங்கி, வெள்ளைப் பீங்கான் தட்டுல வைச்சு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெட்டுவேன். காத்தாடி போட மாட்டேன், தூள் பறந்துடும்னு. கால் துண்டு ஒரு நாளும் சரியா வராது. தட்டுல ஒட்டினதைத் தண்ணி விட்டு அலசி அதையும் குடிக்க வைப்பேன். ரெண்டு வருஷம் தினம் ராத்திரி இதுதான். ஒரு 80 பக்க நோட்டு போட்டு தேதி, எவ்வளவு கொடுத்தேன், காய்ச்சல் இருந்துச்சா, கவுண்ட் எவ்வளவு எல்லாம் எழுதி வைச்சேன். நாலு நோட்டு ஆச்சு. யாருமே கேட்டதில்லை. இன்னும் பீரோல இருக்கு.

என்னை மாதிரி வெட்டினவங்க எத்தனை பேர், எத்தனை பேர் சரியா வெட்டினாங்க, டாக்டர்?

இரவுப்பணி

தெரியாது அம்மா. அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இப்போதுதான் எனக்கே தோன்றுகிறது. அந்த நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கணக்கு_வழக்கு

நல்லா இருக்கு எல்லாம். ஆனா "பதிவாளருக்குச் சம்பளம்"னு சொல்லி ஒருத்தர்கிட்ட 500 ரூபாய் வாங்க முடியுமா? கொடுக்கிறவங்க சம்பளம்னாலே முகத்தைச் சுளிப்பாங்க. நூறு ரூபாயில எத்தனை ரூபாய் நிர்வாகத்துக்குப் போகுதுன்னுதான் கேட்பாங்க. நானே கேட்டிருக்கேன்.

பொன்னிநதி

அண்ணா, நீங்க கேட்டதை அப்படியே எங்க கூட்டத்துல வைச்சேன். அதுக்கு எங்க பெரியவர், 78 வயசுக்காரர், நான் எதிர்பார்க்காத ஒண்ணு சொன்னார். "பேங்க்ல 36 வருஷம் இருந்தேன். லெட்ஜர் எழுதுறவனுக்குச் சம்பளம் கொடுக்காத பேங்க்கை நீ பார்த்திருக்கியா?"ன்னார். கடல்ல கரைச்ச பெருங்காயம்னு சொன்ன டிரஸ்டி அதுக்கு மேல பேசலை.

ஞாயித்துக்கிழமை ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். மனசை மாத்தச் சொல்லலை. மல்லிகைப்பந்தல் அக்கா சொன்ன அந்த ராத்திரியை, பேர் ஊர் சொல்லாம, அவர்கிட்ட சொன்னேன். எட்டு மணியிலேர்ந்து ஒன்பதரை வரைக்கும். எங்க யோசனையையும் சொன்னேன். எங்க பக்கத்து வார்டுல ஒரு ஆள் மூணு வருஷம் இருப்பாங்க. உள்ளே வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் மூணு ஃபோன் நம்பர், ஊர், எத்தனை பஸ் மாறணும், எல்லாம் வாங்குவாங்க. காய்ச்சல் வந்தா எத்தனை மணி, எப்ப ஊசின்னு எழுதுவாங்க. கார் வாடகையும் தெர்மாமீட்டரும் பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டருக்குக் காட்டுற சீட்டும் டிரஸ்ட்டோட பழைய நிதியிலேர்ந்து. எழுதுறதுக்கு மட்டும் அவர் பணம். முதல் ஆறு மாசம் வெறுமனே எழுதுவாங்க, அப்புறம் காரும் சீட்டும் கொடுப்போம், அந்த 13 மணி நேரம் குறையுதான்னு பார்ப்போம். குறையலைன்னா அதையும் வெளியே சொல்லுவோம்.

அவர் ரொம்ப நேரம் பேசலை. பேத்திக்கு வந்தது எலும்புல, ரத்தத்துல இல்லை. இந்த வேலையால அவ பிழைச்சிருக்க மாட்டான்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம், "குறையலைன்னாலும் சொல்லுவீங்களா?"ன்னு கேட்டார். சொல்லுவேன்னேன். "அப்ப சரி"ன்னார். அவங்க வீட்டம்மா காபி கொண்டு வந்து வைச்சுட்டு, "மூணு வருஷத்துக்கு அப்புறம் அந்த ஆளுக்கு யார் கொடுப்பா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அதுக்குப் பதில் இல்லை. இனி என் வேலையே அந்தப் பதிலைத் தேடுறதுதான்னு வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது தோணுச்சு.

ஃபில்லிவாசி

அக்கா, எங்க வீட்டுல நான் இந்திய பாஸ்போர்ட், மனைவி அமெரிக்கக் குடிமகள். அதனால நான் மட்டும் அனுப்புறேன், என் கணக்குலேர்ந்து. நாலாவது வருஷத்துக்குன்னு தனியா எழுதி வைச்சுக்கோங்க. ஆடிட்டர் சார், சரியா?

வரவுசெலவு

சரி தம்பி. பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து அனுப்புங்க, டிரஸ்ட் கோப்புல இருக்கட்டும்.

பொன்னிநதி அம்மா, ஆஸ்பத்திரியோட ஒப்பந்தம் போடாம ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. அந்தப் பதிவாளர் யாருக்குக் கீழ வேலை செய்வார், தகவல் யாருடையது, பாதியில விட்டுப் போனா என்ன, எல்லாம் அதுல இருக்கணும்.

இரவுப்பணி

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் குழந்தையின் பெயரை எழுதுவதற்கு முன்பே மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியாக வேண்டும். கார் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிய வேண்டியிருக்கலாம். அதையும் அந்தக் குழுவிடமே கேட்டுவிடலாம். சம்மதப் படிவம் தமிழில், கிராமத்து அம்மாவுக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். 12 வயதுக்கு மேல் என்றால் எழுத்தில். படிவத்தை நான் எழுதித் தருகிறேன். அரைமாத்திரை அம்மா, நீங்கள் படித்துப் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?

அரைமாத்திரை

தரேன் டாக்டர். என் பொண்ணையும் படிக்கச் சொல்றேன். அவளுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்.

மல்லிகைப்பந்தல்

சகோதரி, ஆள் எடுக்கும்போது ராத்திரி எட்டு மணிக்கு மேல ஃபோன் எடுக்கிறவங்களாப் பார்த்து எடுங்க. காய்ச்சல் பகல்ல வர்றதில்லை.

பொன்னிநதி

எழுதிக்கிட்டேன் அக்கா. ஒப்பந்தத்தோட முதல் வரைவைத் திங்கட்கிழமை ஆடிட்டர் சாருக்கு அனுப்புறேன். ஆஸ்பத்திரியில புதன்கிழமை பார்க்க வரச் சொல்லியிருக்காங்க.